எம்.சி.பி.க்குத் தெரியாத பழுது

போன மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியிலிருந்து அப்பா போன் பண்ணினார். "ஏ.சி.ல காத்து வருது, குளிர் இல்லடா. வெளியில இருக்கிற பெட்டி ம்ம்ம்னு உறுமுது, கொஞ்ச நேரத்துல டக்குனு நின்னுடுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் அதே கதை." அப்பாவுக்கு 76 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த வெயிலில் மேல்மாடி அறையில் ஏ.சி இல்லாமல் தூங்குவது அவருக்கு வெறும் அசௌகரியம் மட்டுமல்ல.

சனிக்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். "கம்ப்ரஸர் போயிடுச்சு சார், 14,500 ஆகும், கேஸ் தனி" என்று சொல்லியிருக்கிறார். ஆறு வயதான 1.5 டன் ஏ.சி. இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை. அப்பா கிட்டத்தட்ட சரி சொல்லிவிட்டார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

அந்த ஒரு நாளில் நான் கண்டுபிடித்தது ஒன்று. பன்னிரண்டு நாள் கழித்துத் தெரிந்தது இன்னொன்று. இந்தக் குறிப்பு முக்கியமாக இரண்டாவதைப் பற்றியது. முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவது புரியாது என்பதால் வரிசையாகவே எழுதுகிறேன்.

முதலில் காதால் கேளுங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் வெளிப்பெட்டி பக்கத்தில் நின்று என்ன சத்தம் வருகிறது என்று கேட்டாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

வெளிப்பெட்டியில் எந்தச் சத்தமும் இல்லை, ஃபேனும் சுற்றவில்லை என்றால் அதற்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உள்பெட்டியின் ரிலே, நடுவில் போகும் வயர், ரிமோட்டில் வைத்த டெம்பரேச்சர் இவற்றைப் பார்க்க வேண்டும். ஆன் செய்தவுடன் கம்ப்ரஸர் ஓடாது, சுமார் மூன்று நிமிடம் காத்திருந்துதான் கிளம்பும் என்பதையும் மறக்கக்கூடாது. அது பழுதில்லை, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. நிறுத்திய உடனே மறுபடி கிளப்பினால் உள்ளே கேஸ் அழுத்தம் இன்னும் சமமாகாமல் இருக்கும், மோட்டார் திணறும்.

கம்ப்ரஸர் ஓடுகிறது, ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபேன் மோட்டாரையோ அதன் சின்ன கெப்பாசிட்டரையோ சந்தேகப்படலாம். சூடு வெளியேற வழியில்லாமல் கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸரும் நின்றுவிடும்.

ஆன் செய்த நொடியே எம்.சி.பி விழுந்தால் ஷார்ட். ஆர்.சி.சி.பி விழுந்தால் எங்கோ எர்த்துக்குக் கசிவு. மழைக்காலத்தில் டெர்மினலில் ஏறிய ஈரமும், வெளிப்பெட்டிக்குள் குடியேறிய பல்லியும் இந்த வேலையைச் செய்வதுண்டு. நம் ஊரில் சர்க்யூட் போர்டில் ஒட்டிக் கருகிக் கிடக்கும் பல்லி மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல.

அப்பா சொன்னது நான்காவது வகை. சில நொடி உறுமல், பிறகு "டக்", சில நிமிட அமைதி, மறுபடி உறுமல். இதில் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் சுற்றத் தொடங்க முடியவில்லை. நின்ற நிலையில் இருக்கும் கம்ப்ரஸர், ஓடும்போது இழுப்பதைப் போல நான்கைந்து மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சூட்டில் காயில் எரிந்துவிடாமல் ஓவர்லோட் என்ற பாதுகாப்பு இணைப்பைத் துண்டிக்கிறது. அதுதான் அந்த "டக்". ஆறியதும் அது தானாகச் சேர்ந்துகொள்ளும், மறுபடி உறுமும்.

ஏன் சுற்றத் தொடங்கவில்லை? மூன்று காரணம் இருக்கலாம். கம்ப்ரஸர் உள்ளே இறுகியிருக்கலாம், கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், வோல்ட்டேஜ் போதாமல் இருக்கலாம். மெக்கானிக் முதலாவதைச் சொன்னார். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்த சத்தத்துக்கு அதுவும் ஒரு பதில்தான். மற்ற இரண்டையும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கெப்பாசிட்டர்

வீட்டு மின்சாரம் சிங்கிள் ஃபேஸ். அதைக் கொண்டு மட்டும் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுவது என்று முடிவெடுக்க முடியாது. அதனால் உள்ளே இரண்டாவதாக ஒரு காயில் வைத்து, அதற்குப் போகும் மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். அந்தத் தள்ளலில்தான் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கிறது. சீலிங் ஃபேனில் எலக்ட்ரீஷியன் "கண்டன்சர் போச்சு" என்று சொல்லி மாற்றுகிறாரே, அதே பொருள்தான். ஏ.சி.யில் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள். வெளிப்பெட்டியின் சுருள் குழாய்க்கும் கண்டன்சர் என்றுதான் பெயர். குழப்பம் வரும்.

மூடியைக் கழற்றுவதற்கு முன் எம்.சி.பி.யை இறக்கி, டெர்மினலில் மல்ட்டி மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்டேன். அதற்குப் பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கலாம். சிலர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்வார்கள், பொறி பறக்கும். அப்படிச் செய்ய வேண்டாம். 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஐந்து நொடி வைத்தால் போதும். பிறகு மீட்டரால் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கெப்பாசிட்டர் அடித்தால் கை உதறும். ஏணி மேல் நிற்கிறவர் விழுவதற்கு அது போதும்.

கெப்பாசிட்டர் மேல் 36 மைக்ரோஃபாரட், கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்று போட்டிருந்தது. வயரைக் கழற்றிவிட்டு அளந்தேன். 22.

இது ஏன் குறைகிறது என்பது சுவாரசியமான விஷயம். உள்ளே மெல்லிய பாலிப்ரொப்பிலீன் படலம், அதன் மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. படலத்தில் எங்காவது ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகிப் போய்விடும். ஓட்டை தனிமைப்பட்டுவிடும், கெப்பாசிட்டர் பிழைத்துக்கொள்ளும். காயம் தானாக ஆறியது போலத்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பளவு போகிறது. மேற்குப் பார்த்த மொட்டைமாடியில் ஆறு கோடை வெந்த கெப்பாசிட்டருக்கு இப்படி எத்தனையோ காயங்கள் ஆறியிருக்கும். பெரும்பாலும் வெளியில் ஒரு குறையும் தெரியாது. உப்பியிருந்தால் கெட்டுவிட்டது என்பது நிச்சயம், உப்பவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

கம்ப்ரஸரையும் சும்மா விடவில்லை. அதில் மூன்று முனைகள், சி, ஆர், எஸ் என்று. சி-ஆர் 1.9 ஓம், சி-எஸ் 3.1, ஆர்-எஸ் 5.0. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும், வந்தது. எந்த முனையிலிருந்தும் உடம்புக்கு இணைப்பு இல்லை. காயில் நன்றாகத்தான் இருந்தது. (ஓர் எச்சரிக்கை. கம்ப்ரஸர் முனை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருபோதும் மின்சாரம் கொடுக்கக்கூடாது. பழுதான முனை பிய்த்துக்கொண்டு, கேஸும் எண்ணெயும் சேர்ந்து தீயாகப் பீறிட வாய்ப்புண்டு.)

புது கெப்பாசிட்டர் 380 ரூபாய். மாட்டி, எம்.சி.பி.யை ஏற்றி, மூன்று நிமிடம் காத்திருந்தோம். கம்ப்ரஸர் ஒரே உதறலில் கிளம்பியது. கிளாம்ப் மீட்டரில் 7.5 ஆம்ப். பெட்டியில் ஒட்டியிருந்த அளவுக்குச் சரியாக வந்தது. அப்பா "14,000 மிச்சம்" என்று பக்கத்து வீட்டு வரைக்கும் போய்ச் சொன்னார். நானும் நோட்டில் "பழுது: கெப்பாசிட்டர். முடிந்தது" என்று எழுதிவிட்டு சென்னைக்கு ரயில் ஏறினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து

அப்பா மறுபடி கூப்பிட்டார். "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மறுபடியும் நின்னு நின்னு ஓடுது. பகல்ல நல்லாத்தான் இருக்கு. கடையில கேட்டேன், ஸ்டெபிலைசர் போட்டா சரியாயிடும்ங்கறாங்க." பேச்சு முடிகிற நேரத்தில் சாதாரணமாக ஒன்று சொன்னார். "ரெண்டு நாளா ரூம்ல லேசா பிளாஸ்டிக் கருகின வாசனை. யாரோ குப்பை எரிக்கிறாங்கன்னு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துட்டேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அப்பா, போனை வைக்காதீங்க. கீழ மெயின் பெட்டிக்குப் போய் ஏ.சி எம்.சி.பி.யை இறக்குங்க. பிளக்கைத் தொடாதீங்க, அங்க இருக்கிற ஸ்விட்சையும் தொடாதீங்க." அவர் இறக்கினார். பிறகு பிளக் பக்கம் பார்க்கச் சொன்னேன். "ஒரு ஓட்டையைச் சுத்திப் பழுப்பா இருக்குடா" என்றார்.

அடுத்த நாள் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் செய்ததைத்தான் நான் பன்னிரண்டு நாள் முன்பே செய்திருக்க வேண்டும். ஏ.சி ஓடாதபோதும் ஓடும்போதும் வோல்ட்டேஜை இரண்டு இடங்களில் அளந்தார். ஓடவிட்டது இரண்டே நிமிடம், அதுவும் பிளக் பக்கத்தில் ஆள் நிற்க வைத்துக்கொண்டு.

ஓடாதபோது எம்.சி.பி.யில் 224 வோல்ட், ஏ.சி.க்குள் வயர் நுழையும் டெர்மினலிலும் 224. இங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் நல்லபடி இருக்கிறது என்றுதான் தோன்றியிருக்கும். ஓடும்போது எம்.சி.பி.யில் 219, டெர்மினலில் 206.

இந்த நான்கு எண்களில் எல்லாம் இருக்கிறது. தெருவிலிருந்து வரும் மின்சாரம் 5 வோல்ட் இறங்கியது. அது சகஜம். எம்.சி.பி.க்கும் ஏ.சி.க்கும் நடுவில், வீட்டுக்குள்ளேயே, 13 வோல்ட் காணாமல் போகிறது. நடுவில் இருப்பது 15 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், போக வர 30 மீட்டர். அந்த வயருக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். 30 மீட்டருக்கு 0.22 ஓம். 7.5 ஆம்ப் போனால் வயரில் 1.7 வோல்ட்தான் இறங்க வேண்டும். மீதி 11.3 வோல்ட் எங்கே?

அது இணைப்புகளில் வெப்பமாகிக்கொண்டிருந்தது. 11.3 வோல்ட்டை 7.5 ஆம்ப்பால் பெருக்கினால் சுமார் 85 வாட். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்பா தலைமாட்டுச் சுவருக்குள் மூன்று சால்டரிங் அயர்ன்கள் ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்தன.

பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது. 16 ஆம்ப் சாக்கெட்டில் நியூட்ரல் ஸ்க்ரூ லூஸாகி, வயரின் தோல் கருகி உதிர்ந்திருந்தது. வழியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் வயரை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அந்த டேப் உருகி ஒட்டியிருந்தது.

எம்.சி.பி ஏன் விழவில்லை?

அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். "இவ்ளோ கருகியிருக்கு, எம்.சி.பி என்னடா பண்ணுது?"

எம்.சி.பி.க்குத் தெரிந்தது மின்னோட்டம் மட்டும். அதிகமாகப் போனால் விழும். இங்கே போனது 7.5 ஆம்ப், முறையான அளவு. லூஸ் கனெக்‌ஷன் மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, போகிற மின்னோட்டத்தை ஓரிடத்தில் சூடாக்குகிறது. ஆர்.சி.சி.பி.க்குத் தெரிந்தது கசிவு. போனதெல்லாம் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறது, கசிவு இல்லை. அதனால் அதுவும் விழாது. டெஸ்டர்? டெஸ்டர் எரிந்தால் "கரண்ட் வருது" என்று நிம்மதி அடைகிறோம். வோல்ட்டேஜ் பாதியாக இறங்கினாலும் அந்தச் சின்ன நியான் விளக்கு எரியும். நியூட்ரல் அறுந்து கிடந்தாலும் எரியும். ஆக, வீட்டில் இருக்கும் எந்தப் பாதுகாப்புக்கும் இந்தப் பழுது தெரியாது. மூக்குக்குத் தெரியும். ஓடும்போது அளக்கும் வோல்ட் மீட்டருக்குத் தெரியும்.

ராத்திரியில் மட்டும் நின்றதற்கும் இதுதான் காரணம். மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டேஜின் இருமடியைப் பொறுத்தது. ஓடும்போது மொத்தம் 18 வோல்ட் இறங்கியது. 7.5 ஆம்ப்புக்கு 18 என்றால் வழியில் 2.4 ஓம் தடை. கிளம்பும் நொடியில் 30 ஆம்ப் இழுத்தால் 72 வோல்ட் இறங்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு, தெரு முழுக்க ஏ.சி ஓடும் நேரத்தில், எங்கள் ஏ.சி.யை நிறுத்தி வைத்து அளந்தபோதே 208தான் இருந்தது. அதில் 72 போனால் 136. தோராயமான கணக்குதான், வோல்ட்டேஜ் இறங்கினால் மின்னோட்டமும் சற்று இறங்கும். ஆனாலும் 230-இல் கிடைக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் கிடைத்திருக்கும். கம்ப்ரஸர் எப்படிக் கிளம்பும்?

அப்படியானால் நான் முதலில் மாற்றிய கெப்பாசிட்டர்? அதுவும் நிஜமான பழுதுதான். இரண்டு அரைப் பழுதுகள் சேர்ந்து ஒரு முழுப் பழுதாக நின்றன. ஒன்றைச் சரி செய்ததும் மற்றது தாக்குப்பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஏ.சி ஓடியது, நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். உண்மையில் நான் செய்த ரிப்பேரால் அந்த இணைப்பு இன்னும் நன்றாகச் சூடாகியிருக்கிறது. நின்று நின்று ஓடிய ஏ.சி அதற்குப் பிறகு விடிய விடிய ஓடியதே!

கடைக்காரர் சொன்ன ஸ்டெபிலைசரைப் போட்டிருந்தால் கதை இன்னும் மோசம். ஸ்டெபிலைசர் வோல்ட்டேஜை ஏற்றித் தரும், அதற்கு ஈடாக உள்ளே வரும் பக்கம் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அந்த மின்னோட்டம் அதே லூஸ் இணைப்பு வழியாகத்தான் வர வேண்டும். சூடு மின்னோட்டத்தின் இருமடியாகக் கூடும். ஏ.சி நன்றாகக் குளிர்ந்திருக்கும், அப்பாவும் நன்றாகத் தூங்கியிருப்பார். அதற்கு மேல் யோசிக்க எனக்கு விருப்பமில்லை. தெருவிலிருந்தே வோல்ட்டேஜ் குறைவாக வந்தால் ஸ்டெபிலைசர் சரியான மருந்து. வீட்டுக்குள் இறங்குகிறது என்றால் அது நோயை மறைக்கும்.

எலக்ட்ரீஷியன் கருகிய பகுதியை வெட்டி எறிந்து, வயர் முனையில் லக் போட்டு இறுக்கி, சாக்கெட்டை எடுத்துவிட்டு 20 ஆம்ப் ஏ.சி பாக்ஸ் வைத்தார். ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கலுக்குப் பதில் ஒழுங்கான கனெக்டர். முடிந்ததும் மறுபடி அளந்தோம். ஓடும்போது எம்.சி.பி.யில் 219, டெர்மினலில் 217. இறக்கம் 2 வோல்ட். கணக்கில் வந்த 1.7-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நிஜமாக "முடிந்தது" என்று எழுதினேன்.

இன்வெர்ட்டர் ஏ.சி, ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பும் இதே இயந்திரம்தான். கேஸ் போகும் திசையைத் திருப்பிவிடும் வால்வு ஒன்று கூடுதலாக இருக்கும். மின்சாரப் பக்கம் தேடும் வரிசை மாறாது. முதலில் வரும் வோல்ட்டேஜ், பிறகு இணைப்புகள், பிறகு கெப்பாசிட்டர், கடைசியில்தான் கம்ப்ரஸர்.

இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரஸருக்கு இந்தக் கெப்பாசிட்டர் கிடையாது. போர்டில் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும், அவற்றில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி நிற்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடம் அது அங்கேயே இருக்கும். அந்த மூடியைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். ஆனால் இன்வெர்ட்டர் ஏ.சி.யும் ஒரு சாக்கெட்டிலோ ஐசொலேட்டரிலோதான் மாட்டியிருக்கிறது. மேலே சொன்ன நான்கு எண்கள் அதற்கும் பொருந்தும். மெதுவாகக் கிளம்புவதால் அது உறுமாது, நிற்காது. இணைப்பு கருகுவதை வெளியே காட்டிக்கொடுக்க அந்த அறிகுறிகூட இல்லை.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

நீங்கள் மீட்டர் பிடிக்க வேண்டியதில்லை. வருகிறவரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேட்டால் போதும். "அண்ணே, கெப்பாசிட்டர் எவ்வளவு காட்டுது?" "ஓடும்போது ஏ.சி டெர்மினல்ல வோல்ட்டேஜ் எவ்வளவு, எம்.சி.பி.ல எவ்வளவு?" "கம்ப்ரஸர் காயில் ஓம் பாத்தீங்களா, பாடிக்கு ஷார்ட் இருக்கா?" இந்த மூன்றுக்கும் எண் வந்த பிறகும் அவர் கம்ப்ரஸர்தான் என்று சொன்னால் நம்பலாம், இறுகிப்போன கம்ப்ரஸரும் உண்டு. எண் சொல்ல முடியவில்லை என்றால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று உங்களால் இன்றைக்கே முடியும். ஏ.சி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, பிளக்கின் மேல்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். லேசான கதகதப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கிற சூடு, பழுப்பு நிறம், கருகிய வாசனை இவற்றில் எது இருந்தாலும் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை எம்.சி.பி.யை ஏற்ற வேண்டாம். ஒரு ராத்திரி ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொள்ளலாம். அப்பா அப்படித்தான் படுத்தார். காலையில் முதுகு வலி என்று அரை மணி நேரம் திட்டினார்.

அந்தக் கருகிய சாக்கெட் இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது. சென்னை வீட்டில் இருக்கும் மூன்று ஏ.சி.க்கும் ஓடும்போது வோல்ட்டேஜை அளந்துவிட்டேன். இரண்டில் இறக்கம் 2 வோல்ட்டுக்குள். மூன்றாவதில் 6. நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார்.